போர்டை எழுப்புகிறவர்

என் அக்கா வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள், அத்தான் தன் அறைக்குள் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அவர் என்ன வேலை பாக்கறார்?" கல்யாணமான புதிதில் அக்கா அவர்களை உட்காரவைத்து விளக்கினாள். போகப்போகச் சுருக்கிக்கொண்டே வந்தாள். கடைசியில், "கம்ப்யூட்டரைத் தூக்கத்துலேருந்து எழுப்பி விடுவார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். கேட்டவர்களுக்கு அதற்குமேல் கேட்கக் கூச்சமாக இருக்கும்.

நான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். கிளட்ச்சைப் பாம்பைத் தொட்டதுபோல வெடுக்கென்று விடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் பிழைப்பு. அதனால் எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. அத்தானோ, காலில் சுத்தியல் விழுந்தாலும் "ஓ" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்து மேசைமேல் வைக்கிற ஆள். அவரும் என்னிடம் கார் கற்றுக்கொண்டவர்தான். என் மாணவர்களிலேயே சிக்னலில் அதிகமாக வண்டியை அணைத்தவர் அவர். ஊரில் இருக்கிற எல்லாவற்றையும் எழுப்புவார், கார் எஞ்சினை மட்டும் எழுப்ப வராது.

ஆனால் எனக்குப் புரிகிற மாதிரி அவருடைய வேலையைச் சொன்னவரும் அவர்தான். சாவியைத் திருப்பினால் முதலில் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, அது எஞ்சினைக் கிளப்பிவிட்டு விலகிக்கொள்கிறது, இல்லையா? அந்த மாதிரி, ஒரு கருவிக்கு மின்சாரம் வந்ததும் பூட்லோடர் என்று ஒரு சின்ன நிரல் முதலில் கண் விழிக்கும். நினைவகம் இவ்வளவு, திரை இங்கே, ஒலிபெருக்கி அங்கே என்று ஒரு குறிப்பைத் தயாரித்து, கெர்னல் என்கிற பெரிய நிரலின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். அதற்கப்புறம் கருவியின் குடித்தனம் முழுக்கக் கெர்னல் பாடு.

"பூட்லோடரை எழுதறவங்க வேற, மாப்ள. சிப் செய்யற கம்பெனிக்காரங்க. அவங்க மாத்திட்டே இருப்பாங்க. நேத்து வரைக்கும் குறிப்பை இந்தப் பக்கம் வெச்சவங்க இன்னிக்கு அந்தப் பக்கம் வெப்பாங்க. நம்ம கெர்னல் பழைய இடத்துலயே தேடிட்டு நிக்கும். அதுக்குப் புது இடத்தைக் காட்டிக் குடுக்கணும்."

"மாத்தாதீங்கடான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாம். அவங்களும் ஏதாவது ஓட்டையை அடைக்கத்தான் மாத்தறாங்க."

அதுதான் அவர். சண்டை போட வேண்டிய இடத்தில் எதிராளிக்கும் சேர்த்து நியாயம் பேசுவார். சம்பந்திகள் இருவரும் முறைத்துக்கொண்டால் நடுவில் தூது போகிறவன் பாடு எப்படியோ, அப்படித்தான் இருந்தது அவருடைய உத்தியோகம். ஒத்துப்போகும்வரை ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒத்துப்போகாவிட்டால் தூது போனவன் தலை உருளும்.

இதையெல்லாம் நான் சொல்லக் காரணம், அவர் எழுப்பிக்கொண்டிருந்த கருவிகளில் ஒன்று அவர் மகளுடைய வாய்.

என் அக்கா மகளுக்குப் பிறவியிலேயே நாக்கும் கைகால்களும் அவள் சொன்னபடி கேட்காது, நடமாட்டம் சக்கர நாற்காலியில்தான். அறிவு நம் எல்லோரையும் விடக் கூர்மை. அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறாள். பேச்சு மட்டும் சத்தமாக வருமே தவிரச் சொல்லாக வராது. அத்தான் வேலை பார்க்கும் கம்பெனி ஒரு காலத்தில் இப்படிப்பட்டவர்களுக்காக ஒரு பேசும் கருவி செய்தது. விரல் நடுங்கினாலும் பக்கத்து எழுத்தில் படாதபடி ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி உயரமான விளிம்பு கட்டிய பெரிய பெரிய பொத்தான்கள். எழுத்தைத் தட்டி முடித்தால் ஒரு பெண்குரல் அதைப் பேசும். வீட்டில் அதற்குப் பெயர் 'போர்டு'. போர்டு கைக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை எல்லோரோடும் வாதாடியது. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி, கேள்விக்குள் கிளைக்கேள்வி. நான் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர் வைத்தேன். அதுவே நிலைத்துவிட்டது.

போனில் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. வழவழவென்ற கண்ணாடியில் நடுங்குகிற விரலை வைத்து நீங்கள் ஒரு வரி எழுதிப் பாருங்கள், பிறகு பேசலாம். கம்பெனிக்காரர்களும் போன் போதுமென்று சொல்லிவிட்டுப் போர்டு செய்வதை நிறுத்தினார்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் அங்கங்கே இருந்தார்கள். அவர்களுடைய போர்டுகள் உள்ளே ஏதாவது பழுதானால் பழைய சிப் கிடைக்காது. புது சிப் வைத்தால் பழைய பூட்லோடருக்கு அதை அடையாளம் தெரியாது. புது பூட்லோடர் போட்டால் பழைய கெர்னலோடு ஒத்துப்போகாது. ஆக, மூன்றையும் ஒரு வழிக்குக் கொண்டுவருகிற வேலையை அத்தான் எடுத்துக்கொண்டார். கம்பெனியிலும் "செய்யறதுன்னா செஞ்சுக்கோங்க" என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு தடவை அப்படி மாற்றியபோது புது பூட்லோடர், உள்ளே தாளம் போடுகிற கடிகாரத்தின் வேகத்தை இரண்டு மடங்காக்கி வைத்திருந்தது. கெர்னலுக்கு அது தெரியவில்லை. வக்கீல் தன் அம்மாவோடு ஏதோ சட்டைக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். போர்டு எழுந்ததும், அந்தக் கோபம் முழுக்க அணில்குஞ்சு கத்துகிற மாதிரி கீச்சுக்கீச்சென்று வெளியே வந்தது. அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வக்கீலுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அத்தான் மட்டும், "கடிகாரம்... கடிகாரம்" என்று முணுமுணுத்தபடி போர்டைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

இதில் அக்காவின் இடத்தைச் சொல்ல வேண்டும். அவளுக்குப் போர்டே தேவையில்லை. மகள் முகத்தைப் பார்ப்பாள், தோள் அசைவதைப் பார்ப்பாள், அந்தச் சத்தத்தையும் சேர்த்துக்கொள்வாள், முழு வாக்கியமும் அவளுக்கு வந்துவிடும். அத்தானுக்கு இந்த வித்தை வரவே இல்லை. அவர் மகளோடு பேசுவதெல்லாம் போர்டு வழியாகத்தான். போர்டு பழுதாகிக் கிடக்கும் நாட்களில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள், அக்கா நடுவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பாள். "எனக்கப்புறம் உன் மூஞ்சியை யாருடி படிப்பா?" என்று விளையாட்டுபோலக் கேட்பாள். விளையாட்டு இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பேச்சை எடுத்தாலும் அவள் கடைசியில் வந்து நிற்கிற இடம் அதுதான்.

அத்தானுடைய அறை சமையலறைக்கு அடுத்தது. மேசைமேல் திறந்து வைத்த போர்டுகள், பூதக்கண்ணாடி, சூடு ஆறாத, ஈயம் பற்றவைக்கும் கோல், அப்புறம் ஒரு கேபிள். மூன்று கம்பிகள். ஒரு முனை அவருடைய கம்ப்யூட்டரில், மறுமுனை போர்டின் முதுகில். நோயாளிக்கு நாடி பார்க்கிற மாதிரி, அந்தக் கேபிள் வழியாகத்தான் போர்டு எழுந்திருக்கும்போது என்னென்ன முனகுகிறது என்று அவர் படிப்பார். அதில் ஒரு வழக்கம் உண்டு. பூட்லோடர் எழுந்ததும் கெர்னலைக் கூப்பிடுவதற்கு முன் சில விநாடிகள் காத்திருக்கும். அதற்குள் கேபிள் வழியாக ஏதாவது ஓர் எழுத்து வந்தால், "ஓ, மேஸ்திரி வந்திருக்கார், ஏதோ சொல்லப்போறார்" என்று கெர்னலைக் கூப்பிடாமல் அப்படியே நின்றுவிடும். எழுத்து வராவிட்டால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். அவரைப் போன்றவர்கள் உள்ளே புகுந்து பழுது பார்ப்பதற்காக வைத்த வாசல் அது.

அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டிய அந்த வருஷம், தையல்காரர் ஒருவரிடமிருந்து ஒரு புகார் வந்தது. தொண்டையில் அறுவை செய்து குரல் போனவர். அவர் போர்டுக்கு அத்தான் புது சிப்பும் புது பூட்லோடரும் போட்டுக் கொடுத்திருந்தார். தையல்காரர் செய்தி அனுப்பியிருந்தார்: தையல் மெஷின் பக்கத்தில் வைத்துப் போட்டால் போர்டு எழுவதில்லை, வாசலுக்கு எடுத்துப்போனால் எழுகிறது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "என்ன அத்தான், போர்டுக்குக் காத்து வாங்கணுமாம்?"

அத்தான் சிரிக்கவில்லை. போர்டை வரவழைத்தார். கேபிளைச் செருகினார். போட்டார், எழுந்தது. அணைத்துப் போட்டார், எழுந்தது. அன்று முழுக்க அதே வேலை. ஒரு தடவைகூடத் தவறவில்லை. "நல்லாத்தான் இருக்கு. சார்ஜ் சரியா ஏறியிருக்காது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தையல்காரர் மறுபடியும் எழுதினார். இவரும் மறுபடியும் அதையே எழுதினார். பிடித்த முயலுக்கு மூன்று கால்.

கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அவருக்கு, கேபிள் இல்லாமல் போர்டை எழுப்புவது கண்ணை மூடிக்கொண்டு கார் ஓட்டுகிற மாதிரி. செய்தே பழக்கமில்லை. அவர் தொழிலில் யாருக்கும் பழக்கமில்லை என்று பின்னால் அவரே சொன்னார்.

கொஞ்ச நாளில் வக்கீலின் போர்டிலும் சிப் செத்தது. இவர் புது சிப் வைத்து, அதே புது பூட்லோடரைப் போட்டு, கெர்னலைத் திருத்தி, கேபிளோடு எழுப்பினார். எழுந்தது. ஓடுகிற போர்டிலிருந்து கேபிளைக் கழற்றி மகள் மடியில் வைத்தார். "என்னப்பா, இந்தத் தடவை அணில் வரலையா?" என்று அது கேட்டது. அவள் அதை அணைக்கிற வழக்கமில்லை. வேலை முடிந்தால் தானாகக் கண்ணயரும், தொட்டால் விழிக்கும். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சாதாரணச் சளி என்றுதான் நினைத்தோம். மூச்சு மோசமாகி, தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று மறுநாள் காலை போன் வந்தது. என் ஸ்கூல் காரில்தான் அத்தானையும் வக்கீலையும் அழைத்துக்கொண்டு போனேன். பின் சீட்டில் அவள் வழி முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தாள். போர்டைப் பேசவிடவில்லை, எழுதி எழுதிச் சேமித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் நான் பார்ப்பதைக் கவனித்து, போர்டைச் சாய்த்து மறைத்துக்கொண்டாள்.

கதவருகே நர்ஸ் நிறுத்தினார். "இது என்னது? உள்ள மெஷின் எல்லாம் ஓடுது. ஆஃப் பண்ணிட்டு வாங்க."

அத்தான் சட்டத்துக்குப் பயந்தவர். வக்கீல் தர மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்த போர்டை மெதுவாக வாங்கி, பொத்தானை அழுத்திப் பிடித்து, அவரே அணைத்து, திரும்ப அவள் மடியில் வைத்தார்.

உள்ளே டாக்டர் ஒரு சின்னப் பெண். எங்களைப் பார்த்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "மூச்சு அவங்களால முடியல. ட்யூப் போட்டு மயக்கத்துல வெக்கப்போறோம். அதுக்கப்புறம் பேச முடியாது. பேசறதுன்னா இப்பவே பேசிடுங்க." வக்கீல் மடியில் இருந்ததைப் பார்த்து, "அதுலதான் பேசுவாங்களா? போடுங்க, பரவால்ல" என்றாள்.

அக்கா முகத்தை முழுக்க மூடி ஆக்ஸிஜன் மாஸ்க். அதன் பட்டைக்கு மேல் மூக்குக்கண்ணாடி நிற்கவில்லை. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எதிரில் நிற்கிற ஆளே நிழல்தான். இமையும் வீங்கிப் பாதிக்குமேல் திறக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் மகளுடைய முகத்தைப் படித்தவளுக்கு அன்றைக்கு அந்த முகம் தெரியவில்லை. காது மட்டும்தான் மிச்சம் இருந்தது. மகள் பிறந்ததிலிருந்து போர்டு தேவைப்படாத ஒரே ஆளுக்கு முதல்முறையாகப் போர்டு தேவைப்பட்டது.

அத்தான் பொத்தானை அழுத்தினார். ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

அணைத்தார். போட்டார். பச்சை விளக்கு. கறுப்புத் திரை. அணைத்தார், போட்டார்.

"என்ன அத்தான்?"

"நின்னுடுச்சு. யாரோ கீ அழுத்தினதா நெனச்சிட்டு நின்னுடுச்சு." அவர் என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "கம்பி சும்மா தொங்குது. இங்க இருக்கற மெஷின் சத்தமெல்லாம் அதுல ஏறுது. தையல் மெஷின். தையல் மெஷின்..."

அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. கேபிள் செருகுகிற இடத்தில் கேபிள் இல்லையென்றால் உள்ளே ஒரு கம்பி முனை அனாதையாக இருக்கும். பழைய பூட்லோடர் அதை இழுத்துக் கட்டி வைத்திருந்தது. புதியது கட்டாமல் விட்டுவிட்டது. பக்கத்தில் மோட்டாரோ மெஷினோ ஓடினால் அதன் மின் சலசலப்பு கம்பியில் ஏறி, யாரோ எழுத்து அனுப்பிய மாதிரி தோன்றும். பூட்லோடர் மேஸ்திரி வந்துவிட்டார் என்று எண்ணிக் காத்துக்கொண்டு நிற்கும். வராத மேஸ்திரிக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும். கேபிள் செருகியிருக்கிற மேசையில் இது ஒருநாளும் நடக்காது.

அவர் போர்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். லிஃப்ட் பக்கம் ஓடினார். மாடிப்படி வரைக்கும் போனார். ஆஸ்பத்திரியில் மெஷின் ஓடாத மூலை எங்கே இருக்கிறது? திரும்பி ஓடிவந்து, "மாப்ள, சாவி குடு. கேபிள் வீட்டுல இருக்கு" என்றார். நான் கொடுத்தேன். கற்றுக்கொள்பவர் ஓட்டுகிறார் என்று முன்னும் பின்னும் எழுதியிருந்த என் காரில், சிக்னலுக்குச் சிக்னல் வண்டியை அணைக்கிற மனிதர், போர்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வக்கீல் அம்மாவின் தலையணை ஓரம் முகத்தைக் கொண்டுபோய்ச் சத்தம் கொடுத்தாள். அக்கா சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். கையை உயர்த்தி மகள் கன்னத்தைத் தடவினாள். மாஸ்க்குக்குள்ளிருந்து, "என்னடா சொல்றா?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கு என்ன தெரியும்? நான் என் போனை வக்கீலிடம் நீட்டினேன். அவள் விரல் கண்ணாடியில் தடதடவென்று அடித்தது. வந்ததெல்லாம் எழுத்துக் குப்பை. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடி குப்பை.

"போர்டைப் போடச் சொல்லுடா" என்றாள் அக்கா. "அவ ஏதோ சொல்றா. எனக்குத் தெரியல."

"வந்துட்டே இருக்குக்கா. அத்தான் எடுத்துட்டு வரார்."

"சீக்கிரம் வரச் சொல்லு."

டாக்டர் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். முடிந்தவரை பொறுத்தாள். ஆக்ஸிஜன் அளவு காட்டுகிற திரையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் என் தோளைத் தொட்டு, "சார், இனிமே முடியாது" என்றாள். எங்களை வெளியே போகச் சொன்னார்கள். வக்கீலின் சக்கர நாற்காலியை நான் பின்னால் இழுத்தபோது அவள் கட்டில் கம்பியை விடவில்லை. அந்த விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

அத்தான் வந்தபோது ட்யூப் போட்டு முடித்திருந்தார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பை வராந்தா நாற்காலியில் வைத்துக் கேபிளைச் செருகினார். போர்டு ஒரு குறையுமில்லாமல் எழுந்தது. வக்கீல் அதில் முதலில் பேசியது டாக்டரோடு.

"அம்மாவுக்குக் கேக்குமா?"

"கேக்கலாம்மா. உறுதியா சொல்ல முடியல."

உள்ளே போய், காரில் சேமித்து வைத்திருந்ததைப் போட்டாள். அந்தப் பெண்குரல் மெஷின்களுக்கு நடுவில் நிதானமாகச் சொன்னது. "அம்மா, நான்தான். நீ கவலைப்பட்டுட்டே இருக்கியே, அதுக்குப் பதில் சொல்றேன். என் மூஞ்சியை அப்பாவுக்குப் படிக்கக் கத்துக் குடுக்கறேன். அவர் கொஞ்சம் மக்கு, ஆனா கத்துக்குவார். நீ நிம்மதியா தூங்கி எழுந்து வா."

அக்கா முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அதற்குப் பிறகு அவள் எழவே இல்லை. அந்த வார முடிவில் போய்விட்டாள்.

வராந்தாவில் வைத்து நான் அத்தானைத் திட்டினேன். நர்ஸ் வந்து வெளியே அனுப்புகிற அளவுக்குத் திட்டினேன். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கூழ்ப்பானையில் விழுமாம் துள்ளி என்றெல்லாம் சொன்னேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. திட்டாமல் இருந்திருந்தால் அவர் இன்னும் இடிந்துபோயிருப்பார். ஒருவராவது தன்னிடம் கோபப்பட வேண்டும் என்று அவர் நின்றுகொண்டிருந்தார்.

கோபப்பட வேண்டியவள் வக்கீல். அவள் கோபப்படவில்லை. எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு ஒருநாள், அத்தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கவா? அன்னிக்குப் போர்டை ஏன் எடுத்துட்டுப் போனே?"

"கேபிளைப் போட்டு எழுப்பத்தான்மா."

"கேபிளை மட்டும் எடுத்துட்டு வந்திருக்கலாமே. போர்டு எங்கிட்டயே இருந்திருந்தா, நான் ஒவ்வொரு எழுத்தா தொட்டுக் காட்டியிருப்பேன். மாமா படிச்சு அம்மாகிட்ட சொல்லியிருப்பார்."

பொத்தான்மேல் எழுத்து அச்சாகித்தானே இருக்கிறது? அதற்கு மின்சாரம் எதற்கு? எழாத போர்டு அவருக்குச் செத்த போர்டு. அது ஒரு எழுத்துப் பலகையும்கூட என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கற்றுக்கொடுத்தே பழகிய எனக்கும் தோன்றவில்லை என்பது வேறு விஷயம். அவர் எழுந்து குழாயடியில் போய் நின்றுகொண்டார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வக்கீல் என்னைப் பார்த்து, "நான் சொல்லியிருக்கக் கூடாதோ?" என்று கேட்டாள். சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் கேட்டாள்.

பழுதைச் சரிசெய்ய ஒரே ஒரு வரிதான் எழுத வேண்டியிருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். போர்டு வைத்திருக்கிற எல்லோருக்கும் அனுப்பினார். தையல்காரர் வீட்டுக்கு நேரிலேயே போனார், நான்தான் அழைத்துப்போனேன். மெஷினை ஓட விட்டு, கேபிள் இல்லாமல், போர்டைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் எழுந்தது. தையல்காரரின் போர்டு, "நான் அப்பவே சொன்னேனே சார்" என்றது. அவர் சொன்னதில் வன்மம் இல்லை. அத்தான் கை கூப்பிவிட்டு வாசலுக்கு வந்து என் காரில் உட்கார்ந்து, அக்கா போனபிறகு முதல்முறையாக அழுதார். நான் வண்டியை எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவர் எந்தப் போர்டையும் கேபிளோடு ஒரு தடவை, கேபிள் இல்லாமல் பல தடவை எழுப்பிப் பார்க்கிறார். சிப் கம்பெனிக்காரர்கள் வழக்கம்போல மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இவரும் தூது போய்க்கொண்டே இருக்கிறார். மகள் முகத்தைப் படிக்கவும் கற்றுக்கொண்டு வருகிறார். பாதி தப்பாகத்தான் படிக்கிறார். "பசிக்குதா?" என்பார். அவள், "கோவம்" என்று தட்டுவாள்.

சமீபத்தில் இன்னொரு புது பூட்லோடர் வந்தது. பாதுகாப்புக்கு அவசியமானது, மற்ற எல்லோருக்கும் போட்டாயிற்று. அதைப் போட வேண்டுமானால் போர்டை ஒரு தடவை அணைத்து எழுப்பியாக வேண்டும். நான் போயிருந்தபோது அத்தான் மகளிடம் கை நீட்டினார். "குடும்மா, ரெண்டு நிமிஷ வேலை."

வக்கீல் போர்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுந்த போர்டை அவள் அதற்குப் பிறகு அணைக்கவே விட்டதில்லை. சரிசெய்த அந்த ஒரு வரி ஊரில் எல்லோர் போர்டிலும் இருக்கிறது. அவள் போர்டில் மட்டும் இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. "ஏண்டி, அவர்தான் சரி பண்ணிட்டாரே. தையல்காரர் வீட்டுல நானே என் கண்ணால பாத்தேன். உங்கப்பாவை நீ நம்பலேன்னா வேற யாரு நம்புவா?"

அவள் வெகுநேரம் தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள்.

"நம்பறேன் மாமா. அணைச்சுப் பாக்கத்தான் தைரியம் இல்லை."

அத்தான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "சரிம்மா, வேண்டாம்" என்றார். பிறகு குனிந்து, சார்ஜர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.